பத்திரத்தின் இரண்டாம் பக்கம்

ஓடென்ஸ்,
3 மே 1994

அக்கா,

அம்மாவை அடக்கம் செய்த அன்று, மிஷன் கூடத்தில் ஊரே காபி குடித்துக்கொண்டிருக்கும்போது நாம் போட்ட சண்டைக்கு வருந்துகிறேன். சண்டைக்குத்தான் வருந்துகிறேன், சொன்னதற்கு இல்லை. வீட்டை விற்கத்தான் வேண்டும்.

நீ பௌல் அத்தானோடு உன் வீட்டில் இருக்கிறாய். நான் நாட்டின் நடுவில் ரயிலில் கார்டாக ஓடிக்கொண்டிருக்கிறேன். துறைமுகத் தெரு பதினாலாம் நம்பரில் பிப்ரவரியிலிருந்து விளக்கு எரியவில்லை. மேற்குப் பக்கக் கூரையில் ஓடு நகர்ந்து, மாடி அறைச் சுவர் பச்சை பிடித்திருப்பதை நீயே பார்த்தாய். இப்போது நல்ல ஆள் ஒருவர் கேட்கிறார். மாட்டு டாக்டர். மனைவி, இரண்டு பெண்கள். வருஷம் முழுக்க அங்கேயே குடியிருப்பார்கள். கோடைக்கு வந்து கதவைப் பூட்டிவிட்டுப் போகிற கூட்டம் இல்லை.

அப்பா கட்டிய வீடு என்று ஏழெட்டு முறை சொன்னாய். 38-ல் கட்டினார், 51-ல் டெர்னா படகோடு போய்விட்டார். எனக்கு ஐந்து வயது. அவர் கம்பளிக் கையுறை நனைந்து அடுப்பு மேல் காய்ந்த வாசனை மட்டும்தான் என்னிடம் மிச்சம். அந்த வீட்டை நிறுத்தி வைத்தது அம்மா. படகில் போன குடும்பங்களுக்கு ஊர் திரட்டித் தந்த உதவியை வேண்டாம் என்று சொன்னது அம்மா மட்டும்தான். மீன் ஏலக்கூடத்தில் பனிக்கட்டி மேல் நின்று தட்டைமீன் அறுத்து நம்மை வளர்த்தாள். அவளே போன பிறகு அந்தச் செங்கல்லில் என்ன இருக்கிறது?

மாவட்ட ஊரில் ஒரு வக்கீலைப் பிடித்திருக்கிறேன். உன் கையெழுத்து ஒன்றுதான் வேண்டும்.

ஈவர்


நோர்ஹவன்,
9 மே

தம்பி ஈவருக்கு,

லெட்டர் வந்துச்சு. பௌல் படிச்சிட்டு, உன் தம்பி சொல்றதுல என்ன தப்புன்னு கேட்டாரு. நான் சமையக்கட்டுக்குப் போயிட்டேன். அடுப்புல உருளைக்கிழங்கு இருந்துச்சு.

விக்க வேண்டாம். வாடகைக்கு விடுவோம். கூரையை பௌல் பாத்துக்கறாரு. நம்ம குடும்பத்துல இதுவரைக்கும் வக்கீல் படி ஏறினவங்க யாரு? மொத மொத நீ ஏறணுமா? பழைய பேப்பரைக் கிளறி என்ன ஆகப்போகுது?

மார்த்தா அத்தையை நெனச்சுப் பாத்தியா? எண்பத்தெட்டு வயசு. புருஷன் கிரெஸ்டன், ஒரே மகன் ஆக்ஸெல், ரெண்டு பேரையும் அதே டெர்னாவுல அனுப்பிட்டு, நாப்பத்திரெண்டு வருஷமா பக்கத்து வீட்டு சமையக்கட்டு ஜன்னல்ல உக்காந்திருக்கா. தெனம் பத்து மணிக்கு அம்மாவும் அவளும் சேந்து காப்பி குடிப்பாங்க. இப்ப அம்மா கப்பையும் எடுத்து வெச்சுட்டு தனியா குடிக்கறா. அவ இருக்கற வரைக்குமாவது பொறு. அப்புறம் நீ என்ன வேணா செய், நான் குறுக்க வரல.

இன்னொண்ணு. அடக்கத்தன்னிக்கு உன் பொண்டாட்டி லோனே, அம்மா வீட்டு ஜன்னல் திரையை முழம் போட்டு அளந்தா. நான் பாத்தேன். சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன்.

டோர்த்தியா


ஓடென்ஸ்,
24 மே

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் இரண்டு தடவை படி.

நேற்று வக்கீல் ஃபோன் செய்தார். வீட்டின் பதிவை நீதிமன்றத்தில் எடுத்துப் பார்த்திருக்கிறார். 1938-ல் மனை வாங்கியது லௌஸ்ட் ரோன், நம் அப்பா. சரி. அடுத்த பதிவு 1963 ஆகஸ்ட். அதே லௌஸ்ட் ரோன் தன் மனைவி அன்சீனா பேருக்கு வீட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார். இறந்தவர் சொத்து மனைவிக்குப் போனதாக இல்லை. உரிமையாளர் தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக இருக்கிறது.

1963. படகு போய்ப் பன்னிரண்டு வருஷம் கழித்து.

குமாஸ்தா வருஷத்தைத் தப்பாக எழுதியிருப்பான் என்றேன். வக்கீலும் முதலில் அப்படித்தான் நினைத்தாராம். பிறகு அப்பாவின் இறப்புச் சான்றைத் தேடியிருக்கிறார். இல்லை. எங்குமே இல்லை. அப்பாவை இறந்தவராக அறிவிக்கச் சொல்லி யாரும் எந்தக் கோர்ட்டிலும் கேட்கவே இல்லை. சர்ச் ஏட்டில் அம்மா விதவை. கோர்ட் ஏட்டில் கடைசி நாள் வரை ஒருவருடைய மனைவி. "ரோன், உங்க அப்பா செத்துட்டார்னு காட்ட ஒரு காகிதம் கூட இல்ல" என்றார். அவர் உயிரோடு இருந்தால் அம்மாவின் சொத்தில் அவருக்கும் பங்கு உண்டாம். அது தெளிவாகும்வரை வீட்டை யாருக்கும் விற்க முடியாது.

இன்று காலை நாலாம் நடைமேடையில் வண்டி கிளம்ப வேண்டிய நேரம். விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். ஊதவில்லை. டிரைவர் இறங்கி வந்து தோளைத் தொட்டுத்தான் எனக்கு நினைவு வந்தது. இருபத்தாறு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

அம்மா கள்ளக் கையெழுத்துப் போட்டாளா? சீட்டுக்கட்டு கூட வீட்டுக்குள் வரக் கூடாது என்ற அம்மாவா? உனக்கு அப்போது இருபத்துமூன்று வயது, வீட்டில்தான் இருந்தாய். ஏதாவது ஞாபகம் இருந்தால் சொல். பத்திரத்தின் முழு நகல் கேட்டிருக்கிறேன்.

ஈவர்


நோர்ஹவன்,
28 மே

ஈவர்,

ரெண்டு நாளா ஃபோன் அடிச்சது நீதான்னு தெரியும். எடுக்கல. தொண்டை கட்டியிருக்கு.

பழைய பேப்பர்ல என்னென்னவோ இருக்கும். அந்தக் காலத்துல கோர்ட்டுல யார் ஒழுங்கா எழுதினாங்க. அந்த நகலை வாங்காத. வக்கீல்கிட்ட வேண்டாம்னு சொல்லிடு. அக்கா உன்கிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. இதக் கேக்கறேன்.

டோர்த்தியா


ஓடென்ஸ்,
6 ஜூன்

டோர்த்தியா,

நகல் வந்துவிட்டது. இரண்டு பக்கம்.

முதல் பக்கத்தின் அடியில் கையெழுத்து. நாம் பிறந்த நாட்களை அப்பா எழுதி வைத்த பைபிள் முதல் தாள் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அதே சாய்வு. கடைசி எழுத்தில் அதே கொக்கி. லோனே பார்த்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

பிறகு பக்கத்தைத் திருப்பினேன். இடம்: ஏகர்சுன், நார்வே. சாட்சி ஒன்று, அந்த ஊர்க் கடைக்காரர் ஒருவர். சாட்சி இரண்டு, டோர்த்தியா ரோன். பேருக்குக் கீழே உன் கையாலேயே எழுதியிருக்கிறாய், மகள் என்று.

முப்பத்தொரு வருஷம்.

ஒவ்வொரு டிசம்பரிலும் கடலில் போனவர்களின் நினைவுக் கல்லுக்கு நாம் சேர்ந்து மாலை வைத்தோம். ரிப்பனின் ஒரு முனையை நான் பிடிப்பேன், மறுமுனை உன் கையில். போனவர்களின் பேரைத்தான் பிள்ளைக்கு வைக்க வேண்டும் என்று நான் என் மகனுக்கு லௌஸ்ட் என்று வைத்தேன். ஞானஸ்நானத்தில் குழந்தையை ஏந்தி நின்றது நீ. என்ன பேர் என்று பாதிரியார் கேட்டபோது சர்ச் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னது நீ. குரல் கூட உடையவில்லை.

உனக்கு அக்கா என்று எழுதக் கை வரவில்லை. ஒரே கேள்வி. அவர் இப்போது எங்கே?

ஈவர்


நோர்ஹவன்,
12 ஜூன்

ஈவர்,

அக்கான்னு போட வேண்டாம். படிச்சா போதும். நாலு தாள் எழுதிக் கிழிச்சிட்டேன், இது அஞ்சாவது. நேத்துதான் பௌல்கிட்ட சொன்னேன். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம் கழிச்சு. அவரு எழுந்து போயி தோட்டத்துல நின்னுட்டாரு. இன்னும் சரியாப் பேசல.

63-ல துறைமுகத் தெருவை அகலமாக்கறாங்கன்னு நகரசபை ஆள் வந்தான். நம்ம முற்றத்துல ஒரு பட்டை நிலம் வேணும், வீடு இன்னும் உங்க வீட்டுக்காரர் பேர்லதான் இருக்கு, கோர்ட்டுக்குப் போயி அவர் செத்துட்டார்னு சத்தியம் பண்ணி எழுதி வாங்கிட்டு வாங்கன்னான். அவன் போனதும் அம்மா கதவைச் சாத்திட்டு என்னை உக்கார வெச்சா. "என்னால அந்த சத்தியம் பண்ண முடியாது டோர்த்தியா. உங்கப்பா உசுரோட இருக்காரு"ன்னா. கைய ஏப்ரன்ல தொடச்சிக்கிட்டே சொன்னா, மாவு தீந்துபோச்சுன்னு சொல்ற மாதிரி. எனக்குக் காது அடைச்சுப்போச்சு. சிரிச்சிட்டேன்னு நெனைக்கறேன்.

அம்மா சொன்னது இதுதான். 51 டிசம்பர்ல புயலுக்கு ஒதுங்க டெர்னா ஏகர்சுன் துறைக்குள்ள போச்சு. அப்பாதான் படகுக்கு தலைவர். கிரெஸ்டன், ஆக்ஸெல், எஞ்சின்காரர் யெப்பே, இவங்க மூணு பேர் கூட. காத்து கொஞ்சம் தணிஞ்சதும் மூணு பேரும் கிளம்பிடலாம்னாங்க, கிறிஸ்துமஸ் வருதேன்னு. அப்பா வயித்துவலின்னு சொல்லிட்டு டாக்டரப் பாக்கக் கரையேறிட்டாரு. வேணும்னா நீங்க படகை எடுத்துட்டுப் போங்கன்னுட்டாரு. அவங்க போனாங்க. நாலு பேரும் முழுகிட்டதா பேப்பர்ல வந்துச்சு. தன் பேரை அவரே படிச்சிருக்காரு. மூணு வாரம் கழிச்சு அம்மாவுக்கு எழுதினாரு, வரட்டுமான்னு.

அம்மா பதில் எழுதினா. மார்த்தா புருஷனையும் குடுத்துட்டா, பெத்தவனையும் குடுத்துட்டா, தெனம் காலைல அவ ஜன்னலுக்கு முன்னால நீ நடந்து போவியா, வராதேன்னு.

உதவி வேண்டாம்னு சொன்னது ரோஷம்னு ஊர் பெருமையாப் பேசுச்சே. ரோஷம் இல்லடா அது. விதவைக்குன்னு குடுக்கறத அவளால வாங்க முடியல. நினைவுக் கல்லு திறந்த அன்னிக்குக் காய்ச்சல்னு படுத்துக்கிட்டா. யோசிச்சுப் பாரு, அவர் செத்துட்டார்னு அவ வாயால ஒரு தடவை கூடச் சொன்னதில்ல. மத்தவங்க சொன்னாங்க, அவ சும்மா இருந்தா.

ரெண்டு பேரும் கப்பல்ல போனோம். உனக்கு நினைவிருக்கும், பெரியம்மாவுக்கு ஆபரேஷன்னு சொல்லி உன்னை மார்த்தா அத்தை வீட்டுல சாப்பிட்டுக்கச் சொல்லிட்டுப் போனோம். அங்க ஒரு காப்பிக்கடை. அவரு சவரம் பண்ணி, தாடையில வெட்டிக்கிட்டு வந்திருந்தாரு. அம்மா கையுறையக் கழட்டவே இல்ல. எப்படி இருக்கீங்கன்னு கேக்கல. பத்திரத்த மேசையில வெச்சா. முழுசாப் படிச்சாரு, கையெழுத்துப் போட்டாரு. அப்புறம் என்னைப் பாத்து, ஈவர் என்ன பண்றான்னு கேட்டாரு. நான் வாயத் தெறக்கறதுக்குள்ள அம்மா சொன்னா: "அவனுக்கு அப்பா இல்ல."

திரும்பி வர்றப்பவே கப்பல்ல பைபிள் மேல கை வெக்கச் சொல்லி என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா. அவ போனப்புறமும் அது என்னை விடல. வீட்ட விக்க வேண்டாம்னு நான் ஒத்தக்கால்ல நின்னது இதுக்குத்தான். செங்கல்லுக்காக இல்ல.

ஒவ்வொரு புது வருஷத்துக்கும் நான் வேலை செய்யற ஏலக்கூடத்து விலாசத்துக்கு எனக்கு ஒரு கார்டு வரும். எழுத்து ஒண்ணும் இருக்காது, படம் மட்டும். இந்த வருஷமும் வந்துச்சு. விலாசம் தனித்தாள்ல வெச்சிருக்கேன்.

டோர்த்தியா


ஏகர்சுன்,
2 ஜூலை

அக்கா,

துறைக்கு மேலே ஒரு விடுதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்று அவரைப் பார்த்தேன்.

சரிவான தெரு, வெள்ளை வீடு, கீழ்த்தளத்தில் ஓர் அறை. கதவைத் தட்டியதும் திறந்தவர் யார் தெரியுமா? என் மகன் லௌஸ்ட், எண்பத்தொரு வயதில். அதே நெற்றி, அதே போல ஒரு தோள் இறங்கி நிற்கிற நிற்பு. என்ன பேசுவது என்று ரயிலில், கப்பலில் எல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். கையிலிருந்த பையைக் கீழே வைத்தேன். அவர் என் ரயில்வே கோட்டைப் பார்த்தார். பிறகு, "ஈவரா?" என்றார்.

அம்மா இறந்ததைச் சொன்னேன். தெரியாதாம். அடுப்புப் பக்கம் திரும்பி நின்று ரொம்ப நேரம் கெட்டிலில் தண்ணீர் பிடித்தார். வழிந்து சட்டைக் கை நனைந்தும் குழாயை மூடவில்லை. நான்தான் மூடினேன்.

இங்கே வேறு குடும்பம் எதுவும் இல்லை. அதையும் நான் எதிர்பார்த்து, திட்டுவதற்கு வார்த்தை சேர்த்து வைத்திருந்தேன். மீன் டப்பா தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் வேலை. அந்தக் கரையேறின நாளிலிருந்து ஒரு துடுப்புப் படகில் கூடக் கால் வைக்கவில்லையாம். ஜன்னல் கடல் பக்கம் இல்லை, பாறையைப் பார்த்து இருக்கிறது. அப்படி ஒரு அறையைத் தேடிப் பிடித்ததாகச் சொன்னார்.

வயிற்றுவலி நிஜமா என்று கேட்டேன். இல்லை என்றார். பிறகு தானாகவே சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மாற்றவில்லை. "எனக்குப் பயமா இருந்துச்சு. காத்து திரும்பும்னு தெரியும். போகாதீங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பாங்க, நான் தலைவன். சொன்னா பயந்தாங்கொள்ளின்னு நெனைப்பாங்களேன்னு சொல்லல. அதுதான். அதுக்கு மேல ஒண்ணும் இல்ல."

அக்கா, நான் அவரை அடிப்பேன் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. எழுந்து வெளியே வந்து அந்தச் சரிவில் மேலும் கீழும் நடந்தேன்.

ஒன்று மட்டும் முடிவு செய்துவிட்டேன். வீட்டுக் காகிதத்தில் கையெழுத்துப் போட அவர் நோர்ஹவனுக்கு வந்துதான் ஆக வேண்டும், வக்கீல் நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். அதற்கு முன்னால் மார்த்தா அத்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெருவில் அவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நீ சொல்கிறாயா, நான் வந்து சொல்லட்டுமா?

ஈவர்


நோர்ஹவன்,
11 ஜூலை

தம்பி,

சொல்லிட்டேன்.

அக்கான்னு போட்டிருந்ததப் பாத்துட்டு அழுதேன். அந்தத் தைரியத்துலதான் போனேன். பத்து மணிக்கு. அத்தை ஜன்னல்கிட்ட உக்காந்து மீன் அறுத்துட்டிருந்தா. அம்மா கப் மேசையில இருந்துச்சு. அதுலயே எனக்குக் காப்பி ஊத்தினா.

எப்படிச் சொன்னேன்னு எனக்கே தெரியல. பத்திரத்துல ஆரம்பிச்சேன். அப்பா உசுரோட இருக்காருங்கற இடத்துல கத்தி நின்னுச்சு. மயக்கம் வரும், கத்துவா, வெளிய போன்னு சொல்லுவான்னு பௌலை வாசல்லயே நிக்க வெச்சிருந்தேன். ஒண்ணும் இல்ல. கைய நல்லா கழுவினா. துண்டை மடிச்சு வெச்சா. எதிர்ல உக்காந்தா.

"அப்ப ஆக்ஸெலைக் கடைசியாப் பாத்தது அவன்தானா?"ன்னு கேட்டா.

ஆமான்னேன்.

ஈவர், அவ முகத்த நான் எப்படிச் சொல்லுவேன். கோவம் இல்ல அது. "நாப்பத்திரெண்டு வருஷம்"னா. "அவன் அன்னிக்கு என்ன போட்டிருந்தான், சாப்பிட்டானா, அப்பனோட சண்டை கிண்டை போட்டானா, கேக்க உலகத்துலயே ஆள் இல்லைன்னு நெனச்சுட்டு உக்காந்திருந்தேன். ஆள் இருந்திருக்கான். தெரிஞ்சவ தெனமும் என் எதிர்ல உக்காந்து காப்பி குடிச்சிருக்கா."

அம்மா உங்களுக்காகத்தான் மறைச்சான்னு சொன்னேன். அது வாய்ல இருந்து வந்தப்பவே எனக்கு நாக்கு கூசிச்சு. அவ என் பக்கம் திரும்பக்கூட இல்ல. "அவனைக் கூட்டிட்டு வா. சீக்கிரம் கூட்டிட்டு வா, எனக்கு வயசாச்சு"ன்னா.

நாம எதுல இருந்து அவளைக் காப்பாத்தறதா நெனச்சிட்டிருந்தோம்? நான் வெளிய வந்து பௌல் கையப் பிடிச்சுக்கிட்டேன். அவரு விடல. அது ஒண்ணுதான் இன்னிக்கு நல்லது.

அக்கா


ஏகர்சுன்,
20 ஜூலை

அக்கா,

நாளைக் கப்பல். மார்த்தா அத்தை கூப்பிடுகிறாள் என்றதும் அவர் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக் கையெழுத்துக்கு உடனே சரி என்றவர், இதைக் கேட்டபின் இரண்டு நாள் அறையை விட்டே வரவில்லை. மூன்றாம் நாள் காலை சவரம் செய்துகொண்டு, பெட்டியோடு என் விடுதி வாசலில் நின்றார். இப்போது கப்பலை நினைத்தே அவருக்கு வயிறு புரட்டுகிறது. இந்த முறை நிஜமாகவே.

கப்பல் வந்து நிற்கிற ஹிர்ட்ஸால்ஸ் துறை வரைக்கும் நான் கூட வருவேன். அத்தானைக் காரோடு வரச் சொல். அங்கிருந்து நான் ரயிலேறிவிடுவேன். கோபித்துக்கொள்ளாதே. அவரோடு அந்தத் தெருவில் நடந்து வர என்னால் இன்னும் முடியாது. கப்பலில் பக்கத்தில் உட்கார முடியும். அவ்வளவுதான் இப்போதைக்கு.

ஈவர்


நோர்ஹவன்,
2 ஆகஸ்ட்

தம்பி ஈவருக்கு,

வீடு முடிஞ்சுது. வக்கீல் முன்னால அவரும் நானும் போட்டாச்சு, உன் காகிதத்த உனக்கு அனுப்புவாங்க. மாட்டு டாக்டர் பெண்ணுங்க ரெண்டும் மாடியில எந்த அறை யாருக்குன்னு இப்பவே அடிச்சுக்குதுங்க. ஆனா நீ கேக்கறது அது இல்லன்னு தெரியும்.

பௌல் வண்டிய நிறுத்தினதும் தெருவுல நின்னவங்க அப்படியே நின்னுட்டாங்க. கிழவங்க நாலு பேருக்கு ஆள் யாருன்னு ஒரு நொடியில தெரிஞ்சுபோச்சு. ஒருத்தர் தொப்பியக் கழட்டிட்டாரு, பொணத்துக்குக் கழட்டற மாதிரி. அவரு நேரா அத்தை வீட்டுக்கு நடந்தாரு.

அத்தை கதவத் தெறந்தா. கை குடுக்கல. சமையக்கட்டுல ஒரு நாற்காலி போட்டிருந்தா. காப்பி வெக்கல. நம்ம ஊர்ல யார் வீட்டுக்குள்ள வந்தாலும் காப்பி வெக்காம இருந்ததப் பாத்திருக்கியா? என்னை வெளிய போகச் சொன்னா. தோட்டத்துல நின்னேன். ஜன்னல் தெறந்திருந்துச்சு, ஆனா அவரு குரல் கீழ போயிருந்துச்சு, ஒண்ணும் காதுல விழல.

ரொம்ப நேரம் ஆச்சு. அப்புறம் ஒரு சத்தம் கேட்டுச்சு. எனக்கு உடம்பு தூக்கிவாரிப்போட்டுச்சு. அத்தை சிரிக்கறா. வாய்விட்டுச் சிரிக்கறா. நான் பொறந்ததுல இருந்து அவ சிரிச்சது எனக்கு ஞாபகமே இல்ல. ஓடிப்போயி ஜன்னல்கிட்ட நின்னேன். விரலைத் தூக்கி, "இன்னொரு தரம் சொல்லு"ன்னா. அவரு சொன்னாரு. மறுபடியும் சொல்லுன்னா. அவரு குரல் கம்மிப்போற வரைக்கும் சொன்னாரு. அப்புறம் எழுந்து வாசக்கதவத் தெறந்து பிடிச்சா. "போதும். இனி வர வேண்டாம்"னா. அவரு தலைய ஆட்டிட்டு வெளிய வந்தாரு. என் தோளப் பிடிச்சுக்கிட்டுதான் வண்டி வரைக்கும் நடந்தாரு.

நம்ம வீட்டு சாவியக் குடுத்தேன். வாங்கிக்கல. வெளிய நின்னு புகைக்கூண்டு வரைக்கும் அண்ணாந்து பாத்தாரு, போலாம்னாரு. ஞாயித்துக்கிழமை கப்பல்ல ஏகர்சுன் வரைக்கும் அவர்கூட நானே போயி விட்டுட்டு வந்தேன். போற வழியெல்லாம் கைப்பிடிக் கம்பிய விடவே இல்ல. இறங்கறப்போ, ஈவர் மறுபடி வருவானான்னு கேட்டாரு. தெரியலன்னேன். பொய் சொல்லல.

அவரு அத்தைகிட்ட என்ன சொன்னார்னு நான் அவரைக் கேக்கல. கேக்க வேண்டிய தேவையும் வரல. ஊரே இப்ப அதத்தான் பேசுது, ஏன்னா அத்தை எல்லார்கிட்டயும் சொல்றா. நாப்பத்திரெண்டு வருஷம் ஜன்னல்ல உக்காந்திருந்தவ இப்ப தெருவுல ஆளை நிறுத்திச் சொல்றா. நேத்து ரொட்டிக் கடையில வரிசையில எனக்கு முன்னால நின்னா. கடைக்காரம்மாகிட்ட ஆரம்பிச்சா: ஆக்ஸெல் அவன் அப்பா தொப்பியப் போட்டுக்கிட்டு, மீன் அறை மூடுபலகை மேல உக்காந்து ரொட்டி தின்னுட்டிருந்தான். படகுத் தலைவர் டாக்டரப் பாக்கக் கரையேறினப்போ, ஊசி போட்டா அழுதுடாதீங்க அண்ணேன்னு கத்தினான். கிரெஸ்டன் அவன் முதுகுல ஒண்ணு வெச்சான். மூணு பேரும் சிரிச்சிக்கிட்டேதான் கயித்த அவுத்தாங்க. சிரிச்சிக்கிட்டேதான் போனாங்க.

சொல்லி முடிச்சுட்டு அவளும் சிரிச்சா. வரிசையில இருந்தவங்க எங்க பாக்கறதுன்னு தெரியாம தரையப் பாத்தாங்க. ஊர்ல தெரியாதவங்க இல்ல, ஆனாலும் கடைக்காரம்மா தெரியாத மாதிரி, யார் சொன்னா அத்தை இதெல்லாம்னு கேட்டா.

நான் பின்னால நிக்கறது அத்தைக்குத் தெரியும். திரும்பிப் பாக்கல. அப்பா பேரை வாயில எடுக்கவும் இல்ல.

"ஒரு கறுப்பு ரொட்டி குடு"ன்னா. "மெல்லிசா வெட்டிக் குடு, பல்லு இல்ல."

அக்கா